விருது வாங்காத வாத்தியார்



ஆசிரியர் தின இதழுக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் அவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருப்பீர்கள். நான் வேறு ஓர் ஆசிரியரைப் பற்றி எழுதுகிறேன். அவரும் பள்ளிக்கூட வாத்தியார்தான். இந்தியாவுக்கே கால்பந்து சொல்லிக் கொடுத்தவர். அவர் பெயர் சையத் அப்துல் ரஹீம். ரஹீம் சாகிப் என்று மரியாதையாகக் கூப்பிடுவார்களாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் நான் எழுத நினைத்தது இவரைப் பற்றி இல்லை. கால்பந்து வரலாற்றையும் புள்ளிவிவரங்களையும் தொகுக்கும் ஓர் உலக அமைப்பு, 1996 முதல் வருடாவருடம் உலகின் சிறந்த கிளப் பயிற்சியாளர் யார் என்று அறிவிக்கிறது. நம்ம பரீட்சை மாதிரியே முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் எல்லாம் உண்டு. 1999-ல் மான்செஸ்டர் யுனைடெட் அணியின் அலெக்ஸ் பெர்குசன் முதலிடம். அந்தப் பட்டியலை அழகாக எழுதி, கலர் பென்சிலில் பந்து எல்லாம் வரைந்து, நம் விளையாட்டு ஆசிரியரிடம் காட்டினேன். சார் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்றார். அப்புறம் ரஹீம் சாகிப்பைத் தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியலை. வெட்கமாப் போச்சு. அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

பிறப்பும் பணியும்

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17-ல் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். உடற்கல்வியும் படித்தார். 1943-ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார்.

ஹைதராபாத் சிட்டி போலீஸ் என்ற கிளப்புக்கு அவர்தான் பயிற்சியாளர். அந்த அணி பம்பாயில் நடந்துவந்த ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ஜெயித்தது. அப்போது உலகப் பட்டியல் ஒன்று இருந்திருந்தால் இவர் பெயரும் வந்திருக்குமோ என்று யோசித்தேன். ஆனால் அந்தக் காலத்தில் அப்படி ஒரு பட்டியலே கிடையாது.

சொல்லிக் கொடுத்த விதம்

அந்தக் காலத்தில் பந்தைக் காலிலேயே வைத்து நாலு பேரை ஏமாற்றிக் கொண்டு போகிறவன்தான் பெரிய ஆட்டக்காரன். ரஹீம் சாகிப் அதை மாற்றினார். பந்து வந்ததும் ஒரே தொடலில் அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று பழக்கினார். அதற்காகவே, பந்தை உருட்டிக்கொண்டு போகக் கூடாது என்ற விதியோடு போட்டிகள் நடத்தினார். பழக்கமில்லாத காலால் மட்டும் ஆடும் போட்டியும் வைத்தாராம். இதைப் படித்ததும் நான் எங்க வீட்டுக்குப் பின்னாடி இடது காலால் உதைத்துப் பார்த்தேன். பந்து நேரே முள்ளு வேலிக்குள்ளே போயிருச்சு. சொல்வது சுலபம், செய்வது கஷ்டம்.

பத்துக்கு ஒன்று

1951-ல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. பயிற்சியாளர் ரஹீம். ஊரே கொண்டாடியிருக்கும்.

அடுத்த வருடமே பெரிய அடி விழுந்தது. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றார்கள். குளிர் தேசத்தில் நம் வீரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று விதி வந்தது.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். ஏன் என்று நம் வகுப்புத் தோழிகளுக்குத் தெரியும். போன குறுவட்டப் போட்டியில் நம் பெண்கள் அணி 7-0 என்று தோற்றது. நாங்களும் வெறுங்கால்தான். ஆனால் வெறுங்கால் மட்டும் காரணம் இல்லை. பந்து என் காலுக்கு வந்தால் நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். தனியா ஒரு கோல் போட்டுக் காட்டணும் என்று ஆசை. அதில் மூன்று கோல் என்னிடமிருந்து பந்தைப் பறித்துப் போட்டதுதான். வேனில் திரும்பி வரும்போது யாரும் பேசலை. சாரும் திட்டலை. மறுநாள் காலை ஆறு மணிக்கு எல்லோரும் வரவேண்டும் என்று மட்டும் சொன்னார். நான் போகலை. அப்புறமும் போகலை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன். சார், மன்னிக்கணும்.

ரஹீம் சாகிப் பத்து கோல் வாங்கிவிட்டு ஒளிந்துகொள்ளவில்லை. திரும்பவும் மைதானத்துக்கே வந்தார். ஆடும் முறையை மாற்றினார். நாலு வருடம் பழக்கினார்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியாதான். அரையிறுதியில் எதிரே நின்றது யார் தெரியுமா? அதே யூகோஸ்லாவியா! இந்த முறை முதல் கோலை நாம் போட்டோம். கடைசியில் 4-1 என்று தோற்றோம். நாலாவது இடம் கிடைத்தது. பதக்கம் இல்லை. ஆனாலும் பத்து கோல் வாங்கிய அணியை நாலு வருடத்தில் அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜகார்த்தா தங்கம்

1962 ஆசியப் போட்டி இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் நடந்தது. இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காததை ஓர் இந்திய அதிகாரி கண்டித்ததால், அந்த ஊர் மக்களுக்கு நம் மேல் கோபம். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்து ஆட்டத்தில் ஜார்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். அவர் பின்வரிசையில் தடுக்கிறவர். ரஹீம் சாகிப் அவரை உட்கார வைக்கவில்லை, முன்வரிசைக்கு மாற்றினார்.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4. எதிரே மறுபடியும் தென்கொரியா. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் நமக்கு எதிராகக் கத்தினார்கள். முந்தின நாள் ரஹீம் சாகிப் தன் பிள்ளைகளிடம் தனக்கு ஒரு பரிசு வேண்டும் என்று கேட்டாராம். அந்தப் பரிசு தங்கம். பி.கே. பானர்ஜி ஒரு கோல், தையல் போட்ட தலையோடு ஜார்னைல் சிங் ஒரு கோல். கோல் கம்பத்தில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். 2-1 என்று ஜெயித்தோம். அதன் பிறகு 2023 ஹாங்சோ போட்டி வரைக்கும் ஆசியக் கால்பந்துத் தங்கம் நமக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

இன்னொரு விஷயம். மறுநாள் 1962 செப்டம்பர் 5. நம் நாட்டில் முதன்முதலாக ஆசிரியர் தினம் கொண்டாடிய நாள். ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு அவர் மாணவர்கள் அதற்கு முந்தின நாளே பரிசு கொடுத்துவிட்டார்கள்.

மறைவு

ரஹீம் சாகிப் நிறைய சிகரெட் பிடிப்பவர். நுரையீரல் புற்றுநோய் வந்து 1963 ஜூன் 11-ல் இறந்துவிட்டார். ஜகார்த்தா தங்கம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது தொடங்கியதே 1985-ல்தான். அவர் இறந்து 22 வருடம் கழித்து. பத்ம விருதும் அவருக்குக் கிடைக்கவில்லை. 2024-ல் அவரைப் பற்றி மைதான் என்று ஓர் இந்திப் படம் வந்த பிறகுதான் பலருக்கு அவர் பெயரே தெரிந்தது.

விருது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடுத்தால் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் பட்டியலில் பேர் இல்லை என்பதால் அவர் சின்ன வாத்தியார் ஆகிவிட மாட்டார். தோற்ற பிள்ளைகளையும் மறுநாள் காலையில் வரச் சொல்கிற வாத்தியார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் போகணும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நான் மைதானத்தில் இருப்பேன். பந்து வந்தால் உடனே கொடுத்துவிடுவேன் என்று கலைவாணி மேல் சத்தியம். அணிக்கு இன்னும் மூன்று பேர் தேவை. எட்டாம் வகுப்புத் தங்கைகளும் வரலாம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி