வானகக் காட்சியும் மடத்துப் பியரும்: பிங்கன் நகர்ப் புனித ஹில்டெகார்ட்

புனிதர்களின் சரித்திரத்தை எழுதுவோர் அவர்களுடைய செபத்தையும் தபசையும் பற்றி நிறைய எழுதுவார்கள். மடத்துக் குசினியில் என்ன காய்ச்சப்பட்டது, கொல்லையில் என்ன முளைத்தது என்று எழுதுவது அரிது. ஆனால் பிங்கன் நகர் ஹில்டெகார்ட் அம்மையாரின் வரலாற்றிற் குசினியையும் கொல்லையையும் ஒதுக்கிவைக்க முடியாது. அவற்றைப் பற்றி அம்மையார் தாமே எழுதிவைத்திருக்கிறார். இறைவன் காட்டிய தரிசனங்களை எழுதிய அதே மனிதர், பியரில் எந்த இலையைப் போட்டால் அது பழுதாகாமல் இருக்கும், அதைக் குடிப்பவரின் நெஞ்சு என்னவாகும் என்றும் எழுதினார்.

பியர் என்றதும் எமது வீடுகளிற் சிலர் முகஞ் சுளிக்கலாம். அதிலே தவறில்லை. குடியினாற் குலைந்த குடும்பங்களை எந்தப் பங்கிலும் காணலாம். ஆயினும் 12ஆம் நூற்றாண்டின் யேர்மன் மடமொன்றில் பியர் என்பது களியாட்டப் பொருளன்று. பாணைப் போல அதுவும் தானியத்தில் ஆன அன்றாட ஆகாரம். புனித ஆசீர்வாதப்பரின் சபை ஒழுங்கு, துறவியருக்கு நாளொன்றுக்கு ஓர் அளவு வைனை அனுமதித்தது. அதனையும் விட்டிருக்க வல்லோர் விசேட சம்பாவனை பெறுவர் என்றும் சொன்னது. 816ஆம் ஆண்டில் ஆக்கன் நகரிற் கூடிய சங்கம், வைன் கிடையாத இடங்களில் அதற்கு இரட்டிப்பாகப் பியர் கொடுக்கலாம் என்று விதித்தது. திராட்சை விளையாத வடதேசங்களில் மடந்தோறும் பியர் காய்ச்சும் கொட்டில் இருந்ததற்குக் காரணம் இதுவே.

ஹில்டெகார்ட் 1098ஆம் ஆண்டு யேர்மனியின் றைன் நதிப் பிரதேசத்திற் பிரபு குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தை ஹில்டெபேர்ட், தாய் மெக்தில்ட். 10ஆவது பிள்ளையாகிய இவரைப் பத்திலொரு பாகமாக இறைவனுக்கு ஒப்புக்கொடுத்தார்கள் என்பது மரபு. நோயாளிப் பிள்ளை. சிறு பிராயத்திலேயே மற்றவர் காணாத ஓர் ஒளியைக் கண்டு, அதை வெளியிற் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வளர்ந்தவர். தம்மிலும் ஆறு வயது மூத்த யூட்டா என்ற பிரபு மகளிடம் ஒப்படைக்கப்பட்டார். 1112ஆம் ஆண்டு சகல புனிதர் திருநாளன்று இருவரும் டிசிபோடன்பேர்க் என்னும் குன்றின்மீதிருந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரின் மடத்தோடு சேர்ந்த அடைப்பறைக்குள் புகுந்தார்கள். வாசல் அடைக்கப்பட்டது. பதினான்கு வயதுப் பெண்பிள்ளை, வெளியுலகை ஒரு சாளரத்தினூடாக மாத்திரம் அறிந்து வாழத் தொடங்கினாள்.

1136இல் யூட்டா மரிக்க, கன்னியர் ஹில்டெகார்ட்டைத் தம் தலைவியாகத் தெரிந்தார்கள். 1141ஆம் ஆண்டு, தம் 42 வயதைத் தாண்டிய பின்னர், கண்டவற்றை எழுதும்படி கட்டளை பெற்றார். எழுதத் தயங்கினார், படுக்கையில் விழுந்தார், பின் எழுதினார். வோல்மார் என்ற துறவி இலத்தீனைத் திருத்திக் கொடுத்தார். 1147ஆம் 1148ஆம் ஆண்டுகளிற் றியர் நகரிற் சங்கங் கூட்டியிருந்த பாப்பரசர் 3ஆம் எவுஜீனியுஸ் அந்த எழுத்தின் ஒரு பகுதியைப் பார்வையிட்டு, தொடர்ந்து எழுத ஆசி வழங்கினார். அதன் பின்னர் பேரரசர் முதல் பாமரர் வரை அம்மையாருக்குக் கடிதம் எழுதாதவர் குறைவு.

பெயர் வந்ததும் தொல்லையும் வந்தது. நேயே என்ற ஆறு றைன் நதியிற் கலக்கும் பிங்கன் நகருக்கருகே, றூப்பேர்ட்ஸ்பேர்க் என்ற இடத்திற் புதிய மடம் அமைக்க வேண்டுமென்றார். மடாதிபதி கூனோ மறுத்தார். கன்னியரின் சீதனக் காணிகளும் அம்மையாரின் புகழும் மடத்தை விட்டுப் போவதை யார்தான் விரும்புவார்? அம்மையார் கட்டிலிற் கிடந்தார். கல்லைப் போற் கிடந்தவரைத் தூக்கிப் பார்த்தும் அசைக்க முடியாமற்போன மடாதிபதி உடன்பட்டார். 1150ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 20 கன்னியர் புதிய இடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். வசதியான வீடுகளிற் பிறந்த அப்பிள்ளைகளுக்கு அங்கே கிடைத்தது பாழிடமும் பட்டினியும். சிலர் முறுமுறுத்தார்கள், சிலர் விட்டுப்போனார்கள். ஆயினும் கட்டடம் எழும்பியது. வேலைக்கூடங்கள் அனைத்துக்கும் குழாய் வழியே தண்ணீர் ஓடியதைப் பிற்காலத்தில் அங்கு வந்து தங்கிய கிபேர்ட் என்ற துறவி வியந்து எழுதியிருக்கிறார்.

இந்தப் புதிய மடத்திலேதான், 1150க்கும் 1160க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், அம்மையார் இயற்கைப் பொருள்களைப் பற்றியும் நோய்களைப் பற்றியும் எழுதினார். ‘பிசிக்கா’ என வழங்கும் நூல் ஒன்பது பாகங்கள் கொண்டது. பூண்டுகள், மரங்கள், கற்கள், மீன்கள், பறவைகள், மிருகங்கள் என்று வரிசையாகச் செல்கிறது. ஒவ்வொன்றும் சூடா குளிர்ச்சியா, ஈரமா வரட்சியா என்று முதலிற் சொல்லி, அது மனிதருக்கு என்ன செய்யும் என்று பிறகு சொல்லுவார். எமது நாட்டு வைத்தியர் சூட்டுச் சாமான், குளிர்ச்சிச் சாமான் என்று பிரித்துச் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவருக்கு இது அந்நியமாக இராது. மிளகு, இஞ்சி, கறுவா, கராம்பு, சாதிக்காய் ஆகிய ஆசிய நாட்டுச் சரக்குகளுக்கும் அதிலே இடமுண்டு. சிருஷ்டியெங்கும் ஓடும் உயிர்ப்பசுமையொன்று உண்டு, ஆண்டவர் அதனை இலையிலும் வைத்தார், ஆன்மாவிலும் வைத்தார் என்பது அவரது ஓயாத எண்ணம்.

இனிப் பியருக்கு வருவோம். வாற்கோதுமையை அல்லது ஓட்ஸை நனைத்து முளைக்கவைத்து, முளை கண்டதும் உலர்த்தி இடித்து, சுடுநீரில் ஊறவைத்தால் இனிப்பான சாறு இறங்கும். அதை மூலிகையோடு கொதிக்கவைத்து ஆறவிட்டால், நாளடைவில் நுரைத்துப் புளிக்கும். புளிக்கச் செய்வது ஈஸ்ற் என்னும் நுண்ணுயிர் என்பது 19ஆம் நூற்றாண்டில் பாஸ்ரர் ஆராயும்வரை தெளிவாகவில்லை. பழைய மண்டியிற் சிறிது எடுத்துப் புதியதில் விடுவார்கள், அவ்வளவே. தனிச் சாற்றிற் காய்ச்சிய பியர் தித்திப்பும் மந்தமுமாக இருக்கும், விரைவில் காடியாய்ப் போகும். ஆகவே கைப்பும் மணமும் சேர்க்கப் பூண்டுகள் வேண்டியிருந்தன. சதுப்பு நிலத்தில் வளரும் மைரிக்கா என்ற செடி, அக்கில்லேயா என்ற பூண்டு முதலானவற்றைக் கலந்து செய்த கூட்டுக்கு ‘குறூட்’ என்று பெயர். இடத்துக்கிடம் கூட்டு மாறும். ஒவ்வொரு வீட்டுக் கறித்தூளும் ஒவ்வொரு விதமாக இருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

குறூட் வெறும் மூலிகையன்று, வருமானமும் ஆகும். அதை விற்கும் உரிமை அரசரிடமிருந்து பிரபுக்களுக்கும் ஆயர்களுக்கும் மடங்களுக்கும் வழங்கப்பட்டது. 974ஆம் ஆண்டில் 2ஆம் ஓட்டோ பேரரசர் அத்தகைய உரிமையொன்றை லியேஜ் ஆயருக்குக் கொடுத்தார். கொலோன் பேராயருக்கும் அவ்வுரிமை இருந்தது. பியர் காய்ச்ச விரும்புபவர் உரிமையாளரிடமே கூட்டை வாங்க வேண்டும். ஒருவகையில் அது வரி. திருச்சபையின் வரலாற்றில் இதுவும் ஒரு பக்கம். மறைக்க வேண்டிய அவசியமில்லை.

இந்தக் கூட்டுக்குப் போட்டியாக வந்ததே ஹொப்ஸ் என்ற கொடியின் பூ. அதனைப் பியரோடு சேர்த்து முதன்முதல் எழுதியவர் ஹில்டெகார்ட் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியன்று. பிரான்சின் கோர்பி மடாதிபதி அடல்ஹார்ட் 822ஆம் ஆண்டிலேயே தம் மடத்து ஒழுங்குகளிற் பியருடன் ஹொப்ஸைக் குறிப்பிட்டுவிட்டார். அம்மையாரின் சிறப்பு அது செய்யும் வேலையைச் சொன்னதில் இருக்கிறது. ஹொப்ஸ் சூடும் வரட்சியுமானது, மனிதருக்கு அவ்வளவு உபயோகமில்லை, மனச்சோர்வை வளர்க்கும், உள்ளத்தைத் துக்கப்படுத்தும், உள்ளுறுப்புகளைப் பாரமாக்கும் என்று முதலிற் குறை கூறுகிறார். உடனே, அதன் கைப்பு பானத்தைப் பழுதடையாமற் காத்து நீண்டநாள் இருக்கச் செய்யும் என்ற நன்மையையும் கூறுகிறார். பிடிக்காத பொருளின் நன்மையை ஒளிக்காமற் சொல்வது எழுத்தாளர் எல்லாருக்கும் வருவதன்று. அவர் கண்டது மெய்யே. ஹொப்ஸிலுள்ள கைப்புச் சத்து, பியரைப் புளிப்பாக்கும் பற்றீரியாக்களை வளரவிடாது என்று பிற்கால இரசாயனம் காட்டியிருக்கிறது. உறக்கம் வருவிக்கும் மூலிகையாகவும் ஹொப்ஸ் ஐரோப்பிய மருத்துவத்தில் வழங்குகிறது. ஆகவே உள்ளத்தின் பாரத்தைப் பற்றி அவர் சொன்னதையும் எளிதில் தள்ளிவிடமாட்டோம்.

ஹொப்ஸ் வேண்டாமென்பவருக்கும் அவர் வழி சொல்லியிருக்கிறார். ஓட்ஸிற் பியர் காய்ச்சும்போது ஹொப்ஸை விட்டு, குறூட் கூட்டோடு ஆஷ் மரத்தின் இலைகளை மிகுதியாகப் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். அது வயிற்றைச் சுத்தமாக்கி நெஞ்சை இலேசாக்கி மகிழ்விக்கும் என்கிறார். தானியத்தின் சத்தினாற் பியர் உடம்பைத் தேற்றி முகத்துக்கு நல்ல நிறம் கொடுக்கும் என்பதும் அவர் கருத்து. வைனிலும் அவர் கை வைக்காமல் விடவில்லை. இருதய நோவுக்குப் பாசிலி இலையை வைனில், சிறிது காடியும் நிறையத் தேனும் விட்டுக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்.

உலகம் அம்மையாரின் நெஞ்சுக் கவலையை விட்டு, நீண்டநாள் இருக்கும் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. அடுத்த நூற்றாண்டில் வடயேர்மன் துறைமுகங்கள் ஹொப்ஸ் சேர்த்த பியரைக் கப்பலேற்றின. கெடாத பியர்தானே கடல் கடக்கும்? 1516ஆம் ஆண்டு பவேரியாவின் பிரபுக்கள் பியருக்கு வாற்கோதுமை, ஹொப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்று சட்டம் விதித்தார்கள். 1906இல் அந்த ஒழுங்கு யேர்மனி முழுவதற்கும் வந்தது. பூண்டுகள் காட்டுக்குத் திரும்பின.

அம்மையாரின் கடைசிச் சோதனைக்கும் பியருக்கும் சம்பந்தமில்லை. ஆயினும் அவர் எப்படிப்பட்டவர் என்பதை அதுவே காட்டுகிறது. 1178ஆம் ஆண்டில், 80 வயதில், தம் மடத்துச் சேமக்காலையில் ஒரு பிரபுவை அடக்கஞ் செய்ய அனுமதித்தார். அவர் முன்னொரு காலத்தில் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டவர். ஆனால் மரணத்துக்கு முன் ஒப்புரவாகித் தேவதிரவிய அனுமானங்களைப் பெற்றவர். பேராயர் இத்தாலியில் இருக்க, மைன்ஸ் பேராலயக் குருக்கள் பிரேதத்தைத் தோண்டி எறியும்படி கட்டளையிட்டார்கள். அம்மையார் மறுத்தார். கல்லறையின் அடையாளமே தெரியாதபடி செய்துவிட்டார். தண்டனையாக மடத்தின்மேல் தடை விழுந்தது. பூசையில்லை, நற்கருணையில்லை, பாட்டும் இல்லை. கட்டளைச் செபத்தைத் தாழ்ந்த குரலில் வாசிக்க மாத்திரமே அனுமதி. எழுபதுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்த ஒருவருக்கு இது எவ்வளவு கொடிது! அவர் தடைக்குக் கீழ்ப்படிந்தார். ஆனால் பிரேதத்தைத் தோண்டவில்லை. தேவதுதிப் பாட்டை நியாயமின்றி அடக்குவோர் பரலோகத்தில் அந்தப் பாட்டிற் பங்கு பெறமாட்டார்கள் என்று குருக்களுக்குக் கடுமையாக எழுதினார். பேராயர் கிறிஸ்தியானுக்கும் எழுதினார். 1179ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் தடை நீங்கியது. அதே ஆண்டு செப்டெம்பர் 17ஆந் திகதி அம்மையார் இறைவனடி சேர்ந்தார்.

றூப்பேர்ட்ஸ்பேர்க் மடம் 1632இல் சுவீடன் நாட்டுப் படைகளால் அழிக்கப்பட்டது. மக்கள் நெடுங்காலமாகப் புனிதரென வணங்கிவந்தவரைப் பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர் 2012ஆம் ஆண்டு மே 10ஆந் திகதி அகில திருச்சபையின் புனிதர் வரிசையிற் சேர்த்து, அவ்வாண்டு ஒக்ரோபர் 7ஆந் திகதி மறைவல்லுநராகவும் பிரகடனஞ் செய்தார். அந்தப் பட்டம் பெற்ற பெண்களில் இவர் நான்காமவர்.

பூண்டுகளும் திரும்பி வந்திருக்கின்றன. வீட்டிற் பியர் காய்ச்ச அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற விதி பிரித்தானியாவில் 1963இல் நீங்கியது. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக் காய்ச்சலை அனுமதித்தது. அந்நாடுகளில் வீட்டுக் கொட்டில்களிற் பழைய குறூட்டைத் தேடுவோர், மைரிக்காவையும் அக்கில்லேயாவையும் போட்டுப் பார்த்து, அம்மையாரின் ஆஷ் இலைக் குறிப்பையும் வாசிக்கிறார்கள். பழைய கூட்டுகள் எல்லாமே சாதுவானவையல்ல. லேடம் என்ற சதுப்புச் செடி தலைவலியும் மயக்கமும் தரும் நஞ்சுடையது. அம்மையார் ஒவ்வொரு செடிக்கும் நன்மையையும் தீமையையும் பக்கத்திற் பக்கமாக எழுதியது சும்மா அல்ல.

அவரது திருப்பண்டங்கள் பிங்கனுக்கு அக்கரையில், எய்பிங்கன் பங்குக் கோவிலில் உள்ளன. ஆண்டுதோறும் செப்டெம்பர் 17ஆந் திகதி அந்தப் பேழையைத் தெருவழியே பவனியாக எடுத்துச் செல்கிறார்கள். ஊருக்கு மேலே, 1904ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கப்பட்ட அவரது பெயர் கொண்ட மடத்தின் கன்னியர் திராட்சைத் தோட்டஞ் செய்து வைன் வடிக்கிறார்கள்.