எலுமிச்சை வைரஸின் திரிபுகளைப் பிரித்துக் காட்டிய லிலியன் ஃபிரேசர்

ஒரே நாளில் நட்ட எலுமிச்சைக் கன்றுகள். ஒரே எரு, ஒரே கிணற்றுத் தண்ணீர். ஆனால் ஒரு மரம் நன்றாகக் காய்க்கிறது, பக்கத்து மரம் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வருகிறது. உத்திரமேரூர் வட்டார விவசாயிகள் இதற்குக் காரணம் கேட்பதுண்டு. வேரழுகல், சத்துக்குறைவு, நூற்புழு எனப் பல காரணங்கள் இருக்கலாம். இரண்டு மரத்திலும் ஒரே வைரஸின் வேறு வேறு திரிபுகள் இருப்பதும் ஒரு காரணம். கொரோனாவில் லேசான திரிபும் கடுமையான திரிபும் இருந்ததைப் போலத்தான் இதுவும். எலுமிச்சை இனப் பயிர்களில் இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலிய விஞ்ஞானி லிலியன் ஃபிரேசர்.

1908-ல் பிறந்த இவர், சிட்னி பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தார். 1930-களில் இலைகளில் படியும் கரும்பூசணத்தை ஆராய்ந்தார். பூச்சிகள் சுரக்கும் தேன் போன்ற கழிவின் மேல் வளர்வது அந்தப் பூசணம். பூச்சியைக் கட்டுப்படுத்தினால் கருமையும் போய்விடும்.

1940-களில் நியூ சவுத் வேல்ஸ் வேளாண் துறையில் பணியாற்றியபோது, தண்ணீர் தேங்கிய தோட்டங்களில் பைட்டோப்தோரா பூசணத்தால் வரும் வேரழுகலை ஆராய்ந்தார். இதைத் தாங்கும் வேர்ச்செடியாக மூவிலை ஆரஞ்சு பயன்பட்டது. ஆனால் அதில் ஒட்டுக்கட்டிய மரங்களில் சில குட்டையாகி, அடிமரப் பட்டை செதில் செதிலாக உரிந்தது. நோய் மண்ணில் இல்லை, ஒட்டுக்கட்ட எடுத்த மொட்டிலேயே வருகிறது என்பதை 1950 வாக்கில் ஃபிரேசரும் உடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். மொட்டு எடுத்த தாய்மரம் பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருந்தது. வைரஸைவிடச் சிறிய வைராய்டு என்னும் கிருமியே காரணம் என்று பின்னாளில் தெரிந்தது.

அதே காலத்தில் டிரிஸ்டிசா வைரஸ் உலகை அச்சுறுத்தியது. தென் அமெரிக்காவில் புளிப்பு ஆரஞ்சு வேர்ச்செடியில் நின்ற ஆரஞ்சு மரங்கள் லட்சக்கணக்கில் பட்டுப்போயின. அசுவினிப் பூச்சி இந்த வைரஸைப் பரப்புவதை 1946-ல் பிரேசிலில் மெனெகினி நிரூபித்தார்.

வைரஸ் இருக்கிறதா என்பதோடு ஃபிரேசர் நிற்கவில்லை. எலுமிச்சை இனத்தின் பல வகை நாற்றுகளில் நோய் மொட்டை ஒட்டிப் பார்த்தார். சில மரங்களின் மொட்டு பட்டதும் லெமன், புளிப்பு ஆரஞ்சு, கிரேப்ஃப்ரூட் நாற்றுகள் மஞ்சளாகிக் குட்டையாகின. வேறு சில மரங்களின் மொட்டு அப்படிச் செய்யவில்லை. 1952-ல் இதை நாற்று மஞ்சள் நோய் என்று வெளியிட்டார். முதலில் தனி நோயாகக் கருதப்பட்டது, டிரிஸ்டிசாவின் கடுமையான திரிபுகளால் வருவது என்று பிறகு தெளிவானது. நம் புளிப்பு எலுமிச்சை நாற்றோ டிரிஸ்டிசாவின் பெரும்பாலான திரிபுகளையும் காட்டிக்கொடுக்கும். இப்படி எந்த நாற்றில் என்ன அறிகுறி வருகிறது என்று பார்த்துத் திரிபைப் பிரிக்கும் முறை ஆய்வகங்களில் இன்றும் உண்டு.

அடுத்து, லேசான திரிபு ஏற்கெனவே குடியேறிய கிரேப்ஃப்ரூட் மரங்களைக் கடுமையான திரிபு அவ்வளவாகப் பாதிப்பதில்லை என்று ஃபிரேசர் குழுவினர் 1968-ல் எழுதினார்கள். தடுப்பூசி போன்ற இந்த முறையைப் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் பாலராமனும் ராமகிருஷ்ணனும் 1970-களில் எலுமிச்சையிலேயே ஆராய்ந்தனர்.

ஃபிரேசர் இந்தியாவுக்கும் வந்து நம் தோட்டங்களை ஆய்வு செய்தார். ஆரஞ்சும் சாத்துக்குடியும் நுனிகாய்ந்து அழிய கிரீனிங் நோயே முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று தல்ஜித் சிங், கபூர், நரியானி ஆகிய இந்திய விஞ்ஞானிகளுடன் 1966-ல் எழுதினார். அதைச் சில்லிட் பூச்சி பரப்புவதை 1967-ல் கபூர் குழுவினர் காட்டினார்கள். அன்று வைரஸ் என்று எண்ணப்பட்ட கிரீனிங், பாக்டீரியா நோய் என்று பின்னர் தெரிந்தது.

1987-ல் ஃபிரேசர் காலமானார். சிட்னி அருகே பென்னன்ட் ஹில்ஸில் அவர் வளர்த்த தோட்டம் அவர் பெயரிலேயே இருக்கிறது.

நம் தோட்டத்தில் செய்ய வேண்டியவை:

• இளம் இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நரம்பு துண்டு துண்டாக வெளிறித் தெரிந்தால் டிரிஸ்டிசா இருக்கலாம். காய்ந்த கிளையின் பட்டையை உரித்தால் கட்டையில் சிறு பள்ளங்கள் தெரியும். ஆய்வகச் சோதனையில்தான் உறுதி செய்ய முடியும்.

• டிரிஸ்டிசா விதை வழியாகப் பரவாது. ஆனால் நட்ட பிறகு அசுவினி கொண்டுவந்து சேர்க்கும். அதனால் லேசான திரிபு ஏற்றித் தடுப்பாற்றல் பெற்ற எலுமிச்சைக் கன்றுகளைக் கேட்டு வாங்குங்கள். இதை நீங்களே செய்து பார்க்க வேண்டாம். எந்த மரத்தில் எந்தத் திரிபு இருக்கிறது என்று கண்ணால் அறிய முடியாது.

• ஒட்டுக்கன்று வாங்கினால் தாய்மரம் சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். காய்ப்பு நன்றாக இருப்பது மட்டும் போதாது.

• புதுத் துளிர் விடும்போது அசுவினி, சில்லிட் இரண்டையும் கவனியுங்கள். கடுமையாக நலிந்த மரத்தை அகற்றிவிடுங்கள்.

எலுமிச்சை பல வருடம் நிற்கும் பயிர். கன்று வாங்கும்போது கேட்காமல் விட்டால், நான்கைந்து வருட உழைப்புக்குப் பிறகுதான் நஷ்டம் தெரியும். சந்தேகம் இருந்தால் நடுவதற்கு முன்பே அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ தோட்டக்கலை அலுவலகத்தையோ அணுகுங்கள்.