மல்லிகா தேவியார்

பிறர் நலம் பேணுதலே அறம் என்பதை யாவரும் ஒப்புவர். ஆயினும், அந்நலம் நம் உள்ளத்தில் எதனின்று பிறக்கின்றது என்று வினவுவோர் சிலரே. தன்னை அறவே மறந்தவனே பிறர்க்கு உதவ வல்லவன் என்பர் ஒரு சாரார். மனிதர் செய்வன அனைத்தும் தன்னலமே என்று இகழ்வர் மற்றொரு சாரார். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியைப் புத்தர் பெருமான் அருளிச் செய்தார். அவர் அதனை அருளுதற்குக் காரணமாய் நின்ற பெண்மணி கோசல நாட்டு அரசியார் மல்லிகா தேவியார் ஆவார்.

அவர் அரச குலத்திற் பிறந்தவரல்லர். சிராவஸ்தி நகரத்து மாலை தொடுப்போர் தலைவனின் மகள். 16 வயதில் ஒருநாள், பூந்தோட்டத்திற்குச் செல்லும் வழியில், தாம் உண்ணுதற்குக் கொண்டுசென்ற எளிய உணவைப் பிச்சைக்கு எழுந்தருளிய பெருமானது பாத்திரத்தில் இட்டு வணங்கினார். கைம்மாறு எதனையும் அவர் கருதினாரில்லை. அன்றே, மகத வேந்தன் அஜாதசத்ருவிடம் போரில் தோற்று மீண்ட கோசல மன்னன் பசேனதி, குதிரைமீது அத்தோட்டத்தின் அருகே வந்தான். அங்கே எழுந்த பாட்டொலி அவனை உள்ளே ஈர்த்தது. அவனது சோர்வைக் கண்ட மல்லிகை குதிரையின் கடிவாளத்தைப் பற்றி, அவன் இறங்கி இளைப்பாற உதவினார். மாலையில் அரசன் தேர் அனுப்பி அவரை அழைத்துத் தன் பட்டத்து அரசியாக்கினான் என்று ஜாதக உரை கூறுகின்றது.

அரண்மனை மேன்மாடத்தில் இருவரும் தனித்திருந்த ஒருநாள், தன்னினும் அன்பிற்குரியார் எவரேனும் உளரோ என்று அரசன் அரசியாரை வினவினான். தன் பெயரையே கூறுவார் என்று அவன் எதிர்பார்த்திருத்தல் கூடும். பூத்தொடுக்கும் மனையினின்று தன்னை உயர்த்திய கணவனுக்கு அவ்வாறு விடையிறுத்தல் எவருக்கும் எளிது. ஆனால் தேவியார், தமக்குத் தம்மினும் இனியார் எவருமிலர் என்று உள்ளதை உள்ளவாறே உரைத்து, அரசனுக்கு எவ்வாறென்று திருப்பி வினவினார். தனக்கும் அவ்வாறே என்று அரசன் ஒப்புக்கொண்டான்.

இதனை அவன் ஜேதவனம் சென்று பெருமானிடம் தெரிவித்தான். பெருமான் தேவியாரைக் கடிந்தாரில்லை. எத்திசையில் தேடினும் தன்னினும் இனிய பொருளை எவரும் காணார். அவ்வாறே ஒவ்வோர் உயிர்க்கும் தன்னுயிர் இனியது. ஆதலின் தன்னை நேசிப்பவன் பிறரை வருத்தலாகாது என்பதே அவர் அருளியதன் கருத்து. தன்மீதுள்ள அன்பை அவர் அழிக்கச் சொல்லவில்லை. அதனையே அளவுகோலாகக் கொண்டு பிறர் துன்பத்தை அளந்தறியச் சொன்னார்.

இவ்வளவுகோல் தேவியாரது வாழ்க்கையில் செயலாயிற்று. இரவில் கேட்ட அச்சந்தரும் ஒலிகளால் நடுங்கிய அரசன், புரோகிதர் சொற்படி எண்ணற்ற உயிர்களைப் பலியிட முனைந்தான். தன்னுயிர் காக்கப் பிறவுயிர் கொல்லும் அம்மடமையைத் தேவியார் இடித்துரைத்து, அவனைப் பெருமானிடம் அழைத்துச் சென்றார். வேள்வி நின்றது, கட்டப்பட்டிருந்த உயிர்கள் பிழைத்தன.

அன்பிற்குரியாரிடமிருந்தே துயரம் தோன்றும் என்று பெருமான் கூறியதனை அரசன் எள்ளியபோதும் தேவியார் வாதிடவில்லை. மகள் வஜீரிக்கோ, மகன் விடூடபனுக்கோ, தமக்கோ, காசி கோசல நாடுகளுக்கோ தீங்கு நேர்ந்தால் அரசன் வருந்தானோ என்று ஒவ்வொன்றாய் வினவினார். அரசன் உண்மை உணர்ந்து, பெருமான் இருந்த திசை நோக்கித் தொழுதான்.

தேவியார் ஒரு மகளை ஈன்றபோது அரசன் முகம் வாடினான். பெண் ஆணினும் சிறந்து விளங்கக்கூடும் என்று பெருமான் அவனைத் தெளிவித்தார். பெண் மகவு பிறந்த மனைகளில் இன்றும் வாடும் முகங்களை நாம் காண்கின்றோம்.

தானத்தில் நகர மக்களோடு போட்டியிட்டுத் தோற்று அரசன் சோர்ந்திருந்தபோது, வழி கண்டவரும் தேவியாரே. 500 பிக்குகளுக்குப் பின்னே 500 யானைகள் வெண்குடை ஏந்தி நிற்குமாறு அவர் ஏற்பாடு செய்தார். அடங்கிய யானை ஒன்று குறைந்தமையால், முரட்டு யானையொன்றை அங்குலிமாலர் பின்னே நிறுத்தினராம். அது அசையாது நின்றதாம். ஒப்பற்ற தானம் என்று உரையாசிரியர் அதனைப் போற்றுவர். எனினும் அதில் வெற்றி வேட்கையும் கலந்திருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. பசித்தவர் உண்டது மெய். கொடுத்தவர் புகழ் விரும்பியதும் மெய். வைசாகப் பௌர்ணமியில் அன்னமிடும் நாமும், நன்கொடைப் பலகையில் நம் பெயரைத் தேடும்போது இதனை நினைத்தல் நன்று.

தேவியாரும் குறையற்றவரல்லர். ஒரு தவற்றை மறைக்க அரசனிடம் ஒருமுறை பொய் புகன்றார் என்றும், இறுதி வேளையில் அதுவே அவர் நெஞ்சை வருத்தியது என்றும் தம்மபத உரை கூறும். தன்னைக் காக்கச் சொன்ன பொய் தன்னையே சுட்டது. அவர் மறைந்த செய்தியை ஒருவன் வந்து காதோடு கூறியபோது, அரசன் பெருமான் அருகில் இருந்தான். மேன்மாடத்தில் தன்னினும் இனியார் இல்லையென்று ஒப்பிய அவ்வரசன், தோள் தளர்ந்து, தலை கவிழ்ந்து, சொல்லிழந்து அமர்ந்தான். தன்னை நேசிப்பவன் பிறரை நேசிக்க வல்லவனல்லன் என்பார்க்கு அக்காட்சியே விடையாகும்.

சிராவஸ்தியின் சிதைவுகள் உத்தரப் பிரதேசத்தில் சாஹேத் மாஹேத் என்னும் இடத்தில் உள்ளன. பல சமயத்தாரும் கூடி வாதிடுதற்கு இடமாயிருந்த, தேவியார் பெயர் தாங்கிய சோலை அந்நகரை அடுத்து இருந்ததென்று சுத்தங்கள் கூறுகின்றன.

பிறப்பால் தாழ்ந்தோர் என்று சொல்லப்பட்ட நாம், நம்மை நாமே இழிவாக எண்ணுமாறு பன்னெடுங்காலம் கற்பிக்கப்பட்டோம். தம்மம் முதலில் நமக்கு மீட்டுத் தந்தது நம்மீது நாம் கொள்ளும் அன்பையே. அது நம்மளவில் நின்றுவிடுமாயின் மற்றொரு செருக்காய் முடியும். நமக்கு நேர்ந்த இழிவு எத்துணை சுட்டதென்பதை நாம் அறிவோம். அவ்வறிவைக் கொண்டு, நம் மனையிலுள்ள பெண்டிரையும், நமக்குக் கீழ்ப் பணிபுரிவோரையும், நம்மினும் வறியவரையும் எவ்வாறு நடத்துகின்றோம் என்று அளந்து பார்ப்போமாக. மல்லிகா தேவியாரை வணங்கும் முறை அதுவே.