பெர் ஹென்ரிக் லிங்

உடம்பைப் பேணுதலும் ஓர் அறமென்பதை வாழ்ந்து காட்டியவருள் பெர் ஹென்ரிக் லிங் ஒருவர். இவர் ஸ்வீடன் தேசத்து ஸ்மாலண்ட் மாகாணத்திலே, 1776-ம் ஆண்டில், ஒரு குருவானவருக்குப் புதல்வராய்ப் பிறந்தார். கோபன்ஹேகனில் வாட்போர் பயின்ற காலத்தில் முழங்கையில் வாதநோய் அவரை வருத்திற்று. நாடோறும் வாள் பயிலப் பயில வலி தணியக் கண்டு, முறையான அசைவே மருந்தாமோவென ஆராயத் தொடங்கினார். லுண்ட் சர்வகலாசாலையில் வாட்பயிற்சி ஆசிரியராயமர்ந்து உடற்கூற்று நூல்களையும் கற்றார்.

பயிற்சிசாலையொன்று அமைக்க அரசாங்கத்தை வேண்டியபோது, கழைக்கூத்தாடிகள் நாட்டில் முன்னமே மலிந்துள்ளனரென மந்திரியொருவர் நகைத்தாரென்பர். லிங் தளர்ந்திலர். 1813-ல் ஸ்டாக்ஹோமில் அரசாங்க உதவியோடு மத்திய தேகப்பயிற்சிக் கழகம் எழுந்தது. நோயாளி அங்கத்தை அசைக்க, பயிற்றுவோர் தம் கையால் அளவறிந்து தடுத்தும் தாங்கியும் துணை செய்வது அவர் முறை. வைத்தியர் பலர் இகழ்ந்தனர். எனினும் 1831-ல் ஸ்வீடன் வைத்திய சங்கமே அவரை அங்கத்தினராக்கிற்று. 1839-ல் அவர் காலமானார்.

அவர் கொள்கைகளுட் சில பிற்கால ஆராய்ச்சிக்கு நில்லாவாயினும், அசைவு மருந்தென்னும் அடிப்படை நிலைத்தது. 2020-ல் இடுப்பு வலியுற்றோர் உலகில் ஏறக்குறைய 62 கோடியர். நாட்பட்ட அவ்வலிக்குப் படுக்கையே தஞ்சமென்னும் பழைய எண்ணத்தை வைத்தியர் கைவிட்டனர். 2023-ல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட நெறிமுறைகளும் முறைப்படுத்திய தேகப்பயிற்சியைப் பரிந்துரைத்தன. நாள் முழுதும் குனிந்திருந்து கற்கும் நாம், வலி வந்தபோது அஞ்சி முடங்காது, தேர்ந்தோர் காட்டும் பயிற்சியை மெல்லத் தொடங்கி விடாது செய்வோமாக. லிங் பெரியாருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.