துப்பாக்கி சொன்ன சாட்சி: அலெக்சாண்டர் கார்ட்னரின் கதை

பழைய போர்ப்படம் ஒன்றைப் பார்க்கும்போது நம் கண் முதலில் முகத்துக்குப் போகிறது, அடுத்து உடைக்கு. கையில் இருப்பது வெறும் 'துப்பாக்கி', அவ்வளவுதான். படத்தின் கீழே அச்சாகியிருக்கும் வரியைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். தமிழ்ப்பள்ளியிலும் சரி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் சரி, அந்த வரியை மனனம் செய்யத்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். படத்தைப் பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய படத்தொகுப்புகளைப் புரட்டிய பிறகுதான் ஒரு துப்பாக்கியின் நீளமும் பட்டைகளும் எவ்வளவு பேசும் என்று எனக்குப் புரிந்தது. அந்தப் படங்களில் மிகச் சிறந்த பலவற்றை எடுத்தவர்தான் அலெக்சாண்டர் கார்ட்னர்.

ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் 1821-இல் பிறந்தவர் கார்ட்னர். இளவயதில் நகைத்தொழில் பழகினார். தொழிலாளர் நலனில் ஈடுபாடு கொண்டவர். அமெரிக்காவின் அயோவாவில் எல்லாரும் கூடி உழைத்துப் பகிர்ந்து வாழும் குடியேற்றம் ஒன்றை அமைக்க உறவினரோடும் நண்பர்களோடும் முயன்றார். 1851-இல் கிளாஸ்கோவில் ஒரு செய்தித்தாளை வாங்கி நடத்தினார். அதே ஆண்டு லண்டன் மாபெரும் கண்காட்சியில் மேத்யூ பிரேடி என்ற அமெரிக்கரின் புகைப்படங்களைப் பார்த்தார். அதிலிருந்து அவர் மனம் இந்தப் புதிய கலையின் பக்கம் திரும்பியது. 1856-இல் குடும்பத்தோடு கப்பலேறியபோது, அயோவா குடியேற்றத்தில் பலரைக் காசநோய் பிடித்திருந்தது தெரியவந்தது. நியூயார்க்கிலேயே தங்கி பிரேடியிடம் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டே ஆண்டில் பிரேடியின் வாஷிங்டன் படக்கூடம் அவர் பொறுப்புக்கு வந்தது.

1861-இல் போர் மூண்டது. 1862 செப்டம்பர் 17-ஆம் நாள் ஆண்டிடம் என்ற இடத்தில் ஒரே பகலில் ஏறக்குறைய 23,000 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போனார்கள். பிணங்கள் புதைக்கப்படும் முன்பே கார்ட்னர் அங்கே போய்ச் சேர்ந்தார். அடுத்த மாதம் அந்தப் படங்கள் நியூயார்க்கில் மக்கள் பார்வைக்கு வந்தன. போரில் செத்தவர்கள் எப்படிக் கிடப்பார்கள் என்பதை அமெரிக்க மக்கள் முதன்முதலில் கண்டது அப்போதுதான். ஆனால் சுவரில் மாட்டியிருந்த பெயரோ பிரேடியுடையது! அதன்பின் கார்ட்னர் விலகினார். 1863-இல் வாஷிங்டனிலேயே சொந்தப் படக்கூடம் திறந்தார். பிரேடியின் ஆட்களில் சிலரும், குறிப்பாகத் திமோதி ஓசல்லிவன் என்ற திறமைசாலியும், அவரோடு சேர்ந்துகொண்டனர்.

அன்றைய முறையில் கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, ஈரம் காயும் முன்பே படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். சில விநாடிகள் எதிரே எதுவும் அசையக்கூடாது. ஆகவே ஓடும் குதிரையும் சுடும் வீரனும் அதில் சிக்குவதில்லை. நிற்பவனும் செத்தவனும்தான் சிக்குவார்கள். ஆனால் அசையாமல் இருந்தவை மட்டும் அபாரத் தெளிவோடு விழும். பெரிதாக்கிப் பார்த்தால் துப்பாக்கியில் உள்ள வளையமும் பட்டையும்கூடத் தெரியும். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் படத்திலுள்ள ஆயுதம் எது என்று சொல்ல முடிவது இதனால்தான்.

எப்படிச் சொல்கிறார்கள்? தமிழில் எல்லாமே துப்பாக்கிதான். அந்தப் போரிலோ காலாட்படைக்கு ஒன்று, குதிரைப்படைக்கு ஒன்று. காலாட்படையின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஏறத்தாழ 56 அங்குல நீளம். தரையில் ஊன்றினால் அதன் முனை ஆளின் மார்புக்கும் மேலே வரும். குழலை மரக்கட்டையோடு பிணைக்கும் பட்டைகள் மூன்று. குழலுக்கு அடியில் மருந்தை இடித்து இறக்கும் கம்பி இருக்கும். குதிரைமேல் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு நீளத்தைக் கையாள முடியுமா? அதற்காகக் குறுகியதாகச் செய்ததே கார்பைன். ஷார்ப்ஸ், ஸ்பென்சர் இரண்டுமே ஏறத்தாழ 39 அங்குலம். ஒரே பட்டை. பின்புறத்தில் குண்டு போடுவதால் இடிகம்பி கிடையாது. இடப்பக்கத்தில் தோள்வாரை மாட்ட ஒரு கம்பியும் வளையமும் இருக்கும். விசையைச் சுற்றியுள்ள வளைவே நெம்புகோலாகக் கீழிறங்கும். ஸ்பென்சருக்கு ஏழு தோட்டாக்கள் பின்கட்டைக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

ஆயுதத்தை அடையாளம் கண்டால் தேதியும் கிடைக்கும். ஸ்பென்சர் கார்பைன் படையினர் கைக்கு வரத் தொடங்கியதே 1863 அக்டோபரில்தான். அதற்கு முன்பு ஸ்பென்சரின் நீண்ட ரைபிள்தான் இருந்தது. ஆகவே ஒரு குதிரைவீரன் ஸ்பென்சர் கார்பைனோடு நிற்கும் படத்தின் கீழே 1862 என்று எழுதியிருந்தால், எழுதியவர் தவறிவிட்டார் என்று துணிந்து சொல்லலாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அன்று மலிவாகக் கிடைத்த தகரப்படங்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறித் தெரியும். வலப்பக்கம் இருக்க வேண்டிய சுத்தியல் இடப்பக்கம் இருக்கும். வீரன் இடக்கைக்காரன் என்று எண்ணிவிடக் கூடாது! கார்ட்னரின் கண்ணாடித் தகடுகளிலிருந்து தாளில் எடுத்த பிரதிகளில் இந்தக் குழப்பம் இல்லை.

குழப்பம் வேறு வகையில் வந்தது. 1863 ஜூலை முதல் மூன்று நாள்கள் கெட்டிஸ்பர்க்கில் பெரும்போர் நடந்தது. தென்னவர் படை பின்வாங்கியதும் கார்ட்னர் தம் குழுவோடு அங்கே போய்ச் சேர்ந்தார். 'பேயின் குகை' என்று பொருள்படும் பெயர் கொண்ட பாறைக்கூட்டத்தில் ஒரு படம் எடுத்தார்கள். இரண்டு பெரும்பாறைகளுக்கு நடுவே அடுக்கிய கல்சுவர்; அதன் பின்னால் மல்லாந்து கிடக்கும் ஓர் இளைஞன்; சுவரில் சாய்த்து வைத்த ஒரு நீண்ட துப்பாக்கி. மறைந்திருந்து குறி பார்த்துச் சுடும் தென்னவர் படைவீரனின் கடைசி இருப்பிடம் அது என்று 1866-இல் வெளிவந்த தம் நூலில் கார்ட்னர் எழுதினார். அதோடு நிற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் திரும்பிப் போனபோது எலும்புக்கூடும் துருப்பிடித்த துப்பாக்கியும் அங்கேயே கிடந்ததாகவும் எழுதிவைத்தார்.

பல்லாண்டு காலம் உலகம் அதை நம்பியது. 1961-இல் ஃபிரெடரிக் ரே என்பவர் கார்ட்னரின் வேறு சில படங்களிலும் அதே உடல் கிடப்பதைக் கண்டுபிடித்தார். அவற்றில் பின்னணி வேறு, ஒரு சரிவு. 1975-இல் வில்லியம் ஃப்ராசனிட்டோ அந்தப் பாறைகளையே தேடிப்போய்ப் படங்களோடு ஒப்பிட்டு, உடலைச் சுமார் நாற்பது கஜம் தூக்கி வந்து சுவரருகே கிடத்தியிருக்கிறார்கள் என்று காட்டினார். துப்பாக்கியும் எதிராகவே சாட்சி சொன்னது. குறிவீரர்கள் கையில் இருந்த வகை அதுவன்று. அதே துப்பாக்கி கார்ட்னரின் மற்ற கெட்டிஸ்பர்க் படங்களிலும் தலைகாட்டுகிறது. நாடகத்துக்குச் சாமான் கொண்டுபோவதுபோல அதை இடத்துக்கு இடம் எடுத்துப் போயிருக்கிறார்கள். போர்க்களத்தில் கிடைத்ததையெல்லாம் ஞாபகப் பொருளாக மக்கள் அள்ளிக்கொண்டு போன ஊரில் ஒரு துப்பாக்கி நவம்பர்வரை அப்படியே கிடந்ததாம்!

இதை வைத்து அவரைப் பொய்யர் என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அவ்வளவு சுலபமாகத் தோன்றவில்லை. தம் உழைப்புக்குப் பிரேடியின் பெயர் விழுந்ததைக் கண்ட மனிதர், அதே 1866 நூலில் இருந்த நூறு படங்களுக்கும் எடுத்தவர் யார் என்று தனித்தனியே பெயர் போட்டார். உயிரோடிருந்த தோழர்களிடம் அவ்வளவு நேர்மை. பேச முடியாத அந்த இளைஞனுக்கு மட்டும் செய்யாத வேலையைக் கொடுத்துவிட்டார். அவன் பெரும்பாலும் சரிவில் ஏறிவந்த சாதாரணக் காலாட்படை வீரன். அவன் பெயரை ஐயமற யாரும் இன்னும் நிறுவவில்லை. கோணத்துக்காகச் சற்று நகர்த்தியதை நான் பொறுத்துக்கொள்வேன். நவம்பர்க் கதையைப் பொறுக்க முடியவில்லை.

1865-இல் இன்னொரு துப்பாக்கி அவர் வாழ்வில் குறுக்கிட்டது. இம்முறை கார்பைன். ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத், தப்பியோடும் வழியில் ஒரு சாராயக்கடையில் நின்றான். அங்கே இரண்டு ஸ்பென்சர் கார்பைன்கள் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்று மட்டும் எடுத்துச் செல்லப்பட்டது. கால் முறிந்திருந்ததால் மற்றதை விட்டுவிட்டான். கடையின் சொந்தக்காரி மேரி சுராட் என்ற விதவை. ஆயுதங்களைத் தயாராக வைக்கும்படி அன்று பகலில் அவர்தான் சொன்னார் என்று கடையை நடத்திய லாய்ட் சாட்சியம் அளித்தார். குடிப்பழக்கம் உள்ள அவருடைய அந்தச் சொல்லே வழக்கில் பெரிதாக எடைபோடப்பட்டது. ஜூலை 7-ஆம் நாள் மேரி சுராட்டோடு மூன்று ஆடவரும் தூக்கிலிடப்பட்டனர். அமெரிக்கக் கூட்டரசு தூக்கிலிட்ட முதல் பெண் அவர்.

அந்த முற்றத்தில் படமெடுக்க அனுமதி பெற்றவர் கார்ட்னர். அதே பிப்ரவரியில் லிங்கனையே தம் கூடத்தில் உட்கார வைத்துப் படமெடுத்தவர் அவர். இப்போது தூக்குமேடைக்கு எதிரே கருவியை நிறுத்தி, தீர்ப்பு வாசிப்பது, கயிறு மாட்டுவது, தொங்குவது என்று வரிசையாகத் தகடுகளை எடுத்தார். ஒரு படத்தில் மேரி சுராட்டுக்கு வெயில் படாமல் குடை பிடித்திருக்கிறார்கள். இங்கே எதையும் நகர்த்த அவருக்கு வழியில்லை. நகர்த்தத் தேவையும் இருக்கவில்லை. அவர் எடுத்தவற்றில் என்னால் நீண்ட நேரம் பார்க்க முடியாத படங்கள் இவைதான்.

போர் முடிந்ததும் மக்கள் அதை மறக்க விரும்பினார்கள். 150 டாலர் விலை வைத்த அவருடைய நூல் விற்கவில்லை. 1867-இல் கன்சாஸில் இருப்புப்பாதை போடுவதைப் படமெடுத்தார். அடுத்த ஆண்டு லாரமி கோட்டையில் பூர்வகுடித் தலைவர்கள் உடன்படிக்கை பேசியதைப் படமெடுத்தார். பிறகு கருவியை ஓரமாக வைத்துவிட்டுக் காப்புறுதித் துறையில் உழைத்தார். 1882 டிசம்பரில் வாஷிங்டனில் காலமானார். கெட்டிஸ்பர்க் பாறைகளுக்கு நடுவே அந்தக் கல்சுவர் இன்றும் இருக்கிறது. போகிறவர்கள் அதன் பின்னால் மல்லாந்து படுத்துப் படமெடுத்துக்கொள்கிறார்கள்.