கீபோர்டில் ‘டச் சென்சிட்டிவிட்டி’ எங்கிருந்து வந்தது? பியானோவைக் கண்டுபிடித்த கிறிஸ்டோஃபோரி யார்?

நாமக்கல் மாவட்டம் எருமப்பட்டி மாதிரி ஊர்களில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசித்துப் பழகியவர்கள், முதல் முறையாக ஒரு மிடி கீபோர்டில் கை வைக்கும்போது ஒரு விஷயம் இடிக்கும். ஆர்மோனியத்தில் கட்டையை மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் சத்தம் ஒண்ணுதான். கூட்டுவதும் குறைப்பதும் துருத்தி போடும் கையின் வேலை. கீபோர்டில் அப்படி இல்லை. விரல் எப்படி இறங்குகிறதோ, சத்தம் அப்படியே மாறும். ஒரு சுரம் அடங்கிப் போகும், அடுத்தது அலறும். மெஷின் ரிப்பேர் என்றுகூடச் சிலர் நினைத்துவிடுவார்கள்.

ரிப்பேர் எல்லாம் இல்லை. 300 வருஷத்துக்கு முன்னாடி இத்தாலியில் ஒருத்தர் மரத்தையும் தோலையும் காகிதத்தையும் வைத்துச் சாதித்த விஷயம் அது. அவர் பெயர் பார்த்தொலோமியோ கிறிஸ்டோஃபோரி.

யார் இவர்?

1655 மே 4-ம் தேதி, அப்போது வெனிஸ் குடியரசின் ஆட்சியில் இருந்த பதுவா நகரில் பிறந்தவர். இளமைக் காலம் பற்றிய தகவல்கள் ரொம்பக் குறைவு. 1688-ல், 33 வயதுவாக்கில், ஃபுளோரன்ஸ் நகருக்கு வேலைக்குப் போகிறார். கூப்பிட்டவர் டஸ்கனி இளவரசர் ஃபெர்டினாண்டோ தெ மெடிசி. இசைப் பைத்தியம் என்றே சொல்லலாம். தன் மாளிகையில் ஓபரா நடத்தியவர், இசைக்கருவிகளை வாங்கிக் குவித்தவர். அவற்றைப் பராமரிக்கவும், புதுசாக எதையாவது செய்து காட்டவும் அவருக்கு ஒரு கைதேர்ந்த ஆள் தேவைப்பட்டார்.

கிறிஸ்டோஃபோரிக்கு மாதச் சம்பளமும் குடியிருக்க வீடும் கிடைத்தன. தொடக்கத்தில் நிறைய கைவினைஞர்கள் ஒரே இடத்தில் தட்டிக்கொண்டும் இழைத்துக்கொண்டும் இருந்த அரண்மனைப் பட்டறையில்தான் வேலை. சுருதி பார்க்கிற மனுஷனுக்கு அந்த இரைச்சல் எப்படி ஒத்துவரும்? பிறகு தனிப் பட்டறை அமைந்தது.

என்னதான் பிரச்னை?

அன்றைய பெரிய கீபோர்டு கருவி ஹார்ப்ஸிகார்ட். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன இறகு முள் கம்பியைச் சுண்டிவிடும். மெதுவாக அழுத்தினாலும் அதே சுண்டல், வேகமாக அழுத்தினாலும் கிட்டத்தட்ட அதே சுண்டல்தான். லாரி பாடி கட்டும் நாமக்கல் பாஷையில் சொன்னால், அது ஆக்சிலரேட்டர் இல்லை, வெறும் சுவிட்ச். கிளாவிகார்ட் என்று இன்னொரு கருவி இருந்தது. அது விரலுக்குக் கட்டுப்படும். ஆனால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது.

கிறிஸ்டோஃபோரி கம்பியைச் சுண்டுவதை விட்டுவிட்டு, சுத்தியால் அடிக்கப் பார்த்தார். கேட்க சுலபமாக இருக்கும். ஆனால் அடித்த சுத்தி கம்பியிலேயே ஒட்டி நின்றால் சத்தம் அமுங்கிவிடும். தவிலை அடித்துவிட்டு கையைத் தோல் மேலேயே வைத்திருந்தால் எப்படி இருக்கும், அதுபோலத்தான். அடித்த அடுத்த நொடியே சுத்தி விலக வேண்டும், விரல் கட்டையில் அழுந்தி இருந்தாலும் விலக வேண்டும்.

இதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் எஸ்கேப்மென்ட். கட்டை ஒரு நெம்புகோலைத் தள்ளுகிறது, அது சுத்தியை வீசுகிறது; கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்னாலேயே பிடி விட்டுவிடுகிறது. கடைசித் தூரத்தைச் சுத்தி தன் வேகத்திலேயே கடக்கிறது. திரும்பி விழும் சுத்தி மறுபடி துள்ளாமல் பிடித்துக்கொள்ள இன்னொரு துண்டும் வைத்தார். சுத்தியின் தலை, சுருட்டி ஒட்டிய காகிதம். அதன் மேல் தோல். அவ்ளோதான். ஆனால் இதைவிட எளிமையான அமைப்புகளோடு பலர் பியானோ செய்து தடுமாறினார்கள். அவருக்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு இந்த நுணுக்கத்தை எட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

1700-ம் ஆண்டு மெடிசி குடும்பக் கருவிகளின் பட்டியலில், மெல்லிய ஒலியும் பலத்த ஒலியும் தரக்கூடிய புதுக்கருவி என்று இது பதிவாகியிருக்கிறது. இத்தாலிய மொழியில் மெல்லியது பியானோ, பலமானது ஃபோர்ட்டே. பியானோ என்ற பெயர் வந்த வழி இதுதான்.

அழுத்தமா, வேகமா?

இங்கேதான் கவனிக்க வேண்டும். சுத்தி பறந்த பிறகு கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் பயன் இல்லை. சத்தத்தைத் தீர்மானிப்பது விரலின் பலம் அல்ல, கட்டை இறங்கும் வேகம். 1983-ல் அறிமுகமான மிடி முறையும் இதையேதான் எடுத்துக்கொண்டது. பொதுவாக ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு தொடுமுனைகள் இருக்கும். முதலாவது தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடையிலான நேரத்தைக் கருவி அளக்கும். நேரம் குறைவு என்றால் வேகம் அதிகம். அது 1 முதல் 127 வரை ஒரு எண்ணாகப் போகும். அதன் பெயர் வெலாசிட்டி. அடித்த பிறகு அழுத்திப் பிடிப்பதைக் கணக்கில் எடுக்கும் ஆஃப்டர்டச் என்பது வேறு சமாச்சாரம், எல்லா கீபோர்டிலும் இருக்காது.

கை கனமாக இருந்து எல்லாமே 127-ஐ முட்டினால், செட்டிங்கில் ஹார்டு என்ற வளைவைத் தேர்வு செய்யலாம். மெல்ல வாசிப்பவருக்கு சாஃப்ட். ஆர்மோனியம், ஆர்கன் ஒலிக்கு டச்சை அணைத்து ஒரே அளவில் வைப்பதே நல்லது. கம்ப்யூட்டர் மென்பொருளிலும் தனியாக ஒரு வளைவு இருக்கலாம்; இரண்டு இடத்திலும் மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரே கட்டையை மெதுவாகத் தொடங்கி வேகமாகத் தட்டி, திரையில் எண் எப்படி ஏறுகிறது என்று பார்த்து மாற்றுவது சரியான வழி.

பேரும் புகழும் கிடைத்ததா?

உடனே கிடைக்கவில்லை. 1711-ல் ஸ்கிப்பியோனே மஃபேய் என்ற எழுத்தாளர் இந்தக் கருவியைப் பற்றி வரைபடத்தோடு கட்டுரை வெளியிட்டார். ஒலி மந்தமாக இருப்பதாகச் சில இசைக்கலைஞர்கள் குறை சொன்னதையும் அதில் பதிவு செய்திருக்கிறார். ஹார்ப்ஸிகார்ட் பழகிய கைகளுக்கு இது பிடிபடவில்லை, ஆர்மோனியக் கைகளுக்கு கீபோர்டு பிடிபடாதது போல.

1713-ல் இளவரசர் ஃபெர்டினாண்டோ இறந்துபோனார். கிறிஸ்டோஃபோரி அரண்மனையிலேயே தொடர்ந்து, 1716 முதல் கருவிகளின் காப்பாளராகவும் இருந்தார். இத்தாலியில் பியானோ பெரிதாக எடுபடவில்லை. மஃபேயின் கட்டுரை 1725-ல் ஜெர்மன் மொழியில் வந்த பிறகு, அங்கே கோட்ஃப்ரீட் ஸில்பர்மான் இதே அமைப்பில் கருவிகள் செய்தார். இசைமேதை பாக் முதலில் அவற்றில் குறை கண்டார், திருத்தப்பட்ட பிறகு ஏற்றுக்கொண்டார். அதைப் பார்க்க கிறிஸ்டோஃபோரி உயிரோடு இல்லை.

1729-ல் அவர் இரண்டு உயில்கள் எழுதினார். முதல் உயிலில் கருவிச் சாமான்கள் சீடர் ஜொவான்னி ஃபெரினிக்கு. இரண்டாவதில் மனசு மாறி, நோயில் தன்னைக் கவனித்துக்கொண்ட தெல் மெலா குடும்பத்துச் சகோதரிகளுக்குப் பெரும்பகுதியை எழுதிவைத்தார். சீடருக்கு ஒரு சிறு தொகைதான். 1731 ஜனவரி 27-ல், 75-வது வயதில் ஃபுளோரன்ஸில் காலமானார்.

பியானோவுக்கென்றே எழுதப்பட்டு அச்சான முதல் இசைத்தொகுப்பு, லொடோவிகோ ஜுஸ்தினியின் 12 சொனாட்டாக்கள், அடுத்த ஆண்டே அதே ஊரில் வெளிவந்தது. அவர் கையால் செய்த பியானோக்களில் இன்று மிச்சம் இருப்பவை மூன்று: 1720-ல் செய்தது நியூயார்க்கில், 1722-ல் செய்தது ரோமில், 1726-ல் செய்தது ஜெர்மனியின் லைப்சிக் நகர அருங்காட்சியகத்தில். அவருடைய ஓவியம் ஒன்றும் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அது அழிந்துபோய், இப்போது அதன் புகைப்படம் மட்டும்தான் இருக்கிறது.