குதிரையைக் கொடுத்து ராஜாவை வெளியே இழுத்த வக்கீல்... செஸ்ஸில் 'காக்ரேன் காம்பிட்' பிறந்த கதை

செஸ்ஸில் நாலாவது நகர்த்தலிலேயே குதிரையைத் தூக்கிக் கொடுப்பாங்களா? கொடுத்தார் ஒருத்தர். அவர் ஜான் காக்ரேன். 1848-ல் கல்கத்தாவில் அவர் ஆடிய அந்த ஆட்டத்தை செஸ் உலகம் இன்னைக்கும் பேசுது.

யார் இந்த காக்ரேன்?

1798-ல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். 1822-லேயே செஸ் பற்றிப் புத்தகம் எழுதினார். பிறகு இந்தியா வந்து, கல்கத்தாவில் பெரிய வக்கீலானார். 1840-களின் தொடக்கத்தில் விடுமுறையில் லண்டன் போய், ஸ்டான்டனுடன் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். பெரும்பாலும் தோல்விதான். ஆனாலும் அடிச்சு ஆடுற பாணியை அவர் விடவே இல்லை.

எதிரே உட்கார்ந்தவர் யார்?

கல்கத்தா திரும்பியவருக்குக் கிடைத்த எதிராளி, மகேஷ் சந்திர பானர்ஜி. வங்காளத்துக் கிராமப்புறத்துக்காரர். தன் பகுதியில் தோற்றதே இல்லை என்று பேசப்பட்டவர்.

அப்படி என்ன ஆட்டம் அது?

இரண்டு பேருமே ராஜாவுக்கு முன்னாடி இருக்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, ஆளுக்கொரு குதிரையை இறக்குவாங்க. வெள்ளைக் குதிரை கறுப்புச் சிப்பாயை வெட்டும். கறுப்பு இன்னொரு சிப்பாயால் அதை விரட்டும். குதிரை பின்வாங்கணும். ஆனா காக்ரேனின் குதிரை, கறுப்பு ராஜாவின் பக்கத்துச் சிப்பாயை வெட்டியது. ராஜாவே இறங்கி வந்து குதிரையை வெட்டணும்.

கணக்குப்படி 3 புள்ளி குதிரை போச்சு, கிடைச்சது 2 சிப்பாய். ஆனா கறுப்பு ராஜா இனி கோட்டை கட்ட முடியாது. நடுக்களமும் வெள்ளையின் கையில். அடுத்து வெள்ளை ராணியின் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னேறும்போது, கறுப்புக் குதிரை நடுச்சிப்பாயை ஆசைப்பட்டு வெட்டினா, வெள்ளை ராணி ஓரத்துக்குப் பாய்ந்து செக் வைக்கும். சில நகர்த்தல்களில் கறுப்பு அந்தக் குதிரையை இழந்துடும்.

கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே செய்கிற புழுதி விதைப்பு மாதிரிதான் இது. மழை வந்தா பயிர் முந்திக்கும். பொய்த்தா விதையும் போச்சு. கறுப்பு கச்சிதமா தற்காத்தா அதுக்கே சாதகம்னு இன்றைய கம்ப்யூட்டர்கள் கணிக்குது. இருந்தும் 1999-ல் லினாரெஸ் போட்டியில் கிராம்னிக்கை எதிர்த்து டோபலோவ் இதை ஆடினார். ஆட்டம் டிரா.

யாருக்குப் பெயர்?

காக்ரேன் 1869-ல் ஓய்வுபெற்று லண்டன் திரும்பினார், 1878-ல் மறைந்தார். மகேஷுடன் ஆடிய ஆட்டங்களின் குறிப்புகள் லண்டன் இதழ்களில் அச்சானதால்தான் மகேஷையும் உலகம் அறிந்தது.

இந்திய முறையில் அன்று சிப்பாய்க்கு இரண்டு கட்டப் பாய்ச்சல் இல்லை. அந்தப் பழக்கத்தில் மகேஷ் சிப்பாய்களை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, மந்திரியை ஓரமா நிறுத்தி ஆடினார். அந்த பாணிதான் பின்னாளில் 'இந்தியத் தற்காப்பு'. 1855-ல் காக்ரேனுக்கு எதிராக அவர் ஆடிய இன்னொரு தொடக்கத்தை 1922-ல் ஆஸ்திரியாவின் க்ரூன்ஃபெல்டு ஆட, அது 'க்ரூன்ஃபெல்டு தற்காப்பு' ஆனது.

குதிரையைக் கொடுத்தவர் பெயர் காம்பிட்டில் நின்றுவிட்டது. எதிரே ஆடியவருக்குக் கிடைத்தது, அவர் நாட்டின் பெயர் மட்டும்தான்.